பழைய ஃபியட்டின் ரூஃப் லைனிங்கைக் கழற்றி மாட்டிய அனுபவம்

பழைய காரின் ரூஃப் லைனிங்கை, அதாவது கூரையின் உட்புறத் துணியை, மாற்றப் போகிறேன் என்று சொன்னால், எந்த நிறத்தில் ரெக்ஸின் எடுக்கப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. நிறம் தேர்ந்தெடுப்பது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். பழையதைக் கிழிக்காமல் கழற்றுவதிலும், அதன் மேல் இத்தனை ஆண்டுகளாக மறைந்திருந்த தகட்டைச் சரிசெய்வதிலும்தான் முக்கால்வாசி உழைப்பும் போகிறது என்பதை, என் 1966-ஆம் ஆண்டு ஃபியட் 1100 டி காரில் இந்த வேலையைச் செய்து முடித்த பிறகு தயங்காமல் சொல்வேன். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்து, பின்னாளில் பத்மினி என்று பெயர் மாற்றி விற்ற அதே கார்தான் இது. ஆகவே இங்கே எழுதுவதில் பெரும்பகுதி பத்மினி வைத்திருப்பவர்களுக்கும், ஓரளவுக்கு அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும்.

இப்போதைய கார்களின் மேற்கூரையில் இருப்பது வார்த்தெடுத்த ஓர் அட்டை. அதன் மேல் மெல்லிய ஃபோம் பதித்த துணியை ஒட்டியிருப்பார்கள். அந்த ஃபோம் வெயிலிலும் ஈரத்திலும் மக்கிப் பொடியாகும்போது துணி தொங்கத் தொடங்குகிறது. வாடகைக் கார்களில் குண்டூசி குத்தி நிறுத்தியிருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். பழைய கார்களின் அமைப்பு வேறு. கூரைக்குக் குறுக்கே, இடப்பக்கச் சட்டத்திலிருந்து வலப்பக்கச் சட்டம் வரை, வில்லாக வளைந்த எஃகுக் கம்பிகள் வரிசையாக நிற்கும். லைனிங்கின் முதுகுப்பக்கம் தைத்திருக்கும் துணி உறைகளுக்குள் இந்தக் கம்பிகள் நுழைந்திருக்கும். நடுப்பகுதியில் எங்குமே பசை கிடையாது. நான்கு ஓரங்களை மட்டும் இழுத்து, கண்ணாடி ரப்பருக்கு அடியிலும், கதவு ஓரத்துப் பட்டையான பீடிங்குக்கு அடியிலும் ஒட்டியிருப்பார்கள். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாத ஒரு கடையில்தான் என் காரை முந்தைய உரிமையாளர் விட்டிருக்கிறார். அவர்கள் பழைய ரெக்ஸினைக் கழற்றாமல், அதன் மேலேயே ஃபோம் துணியைப் பசை தடவி ஒட்டி, கண்ணாடி ஓரத்தில் பிளேடால் வெட்டி ரப்பருக்குள் திணித்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு துணிகளின் பாரத்தையும் தாங்க முடியாமல் உள்தையல் விட்டுப் போய், பின்சீட்டில் உட்காருபவர்களின் தலையில் கூரை இடித்துக்கொண்டிருந்தது.

சென்னையில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் தையிலிருந்து பங்குனி வரை என்பது என் கருத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடிகளைக் கழற்றிய காரை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமாக, ஈரக்காற்றில் பசை சரியாகப் பிடிக்காது. அக்னி நட்சத்திரத்திலோ பசை தடவும் வேகத்திலேயே காய்ந்துவிடுவதால் துணியைச் சரியான இடத்தில் வைக்க அவகாசம் கிடைப்பதில்லை. மிதமான வெயில் மட்டும் கட்டாயம் வேண்டும். குளிர்ந்த ரெக்ஸின் விறைப்பாக இருக்கும், இழுத்தால் கொடுக்காது.

கழற்றத் தொடங்குவதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். உள்விளக்கின் ஒயர் ஏதாவது தகட்டில் உரசிப் பொறி பறந்தால், பக்கத்தில் திறந்திருக்கும் பசை டப்பாவில் இருப்பது எளிதில் தீப்பற்றும் கரைப்பான். பிறகு முன்சீட்டையும் பின்சீட்டையும் வெளியே எடுத்துவிடுவது நல்லது. சீட்டை வைத்துக்கொண்டே செய்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மல்லாந்த தலையோடு மணிக்கணக்கில் நிற்கவும் மண்டியிடவும் வேண்டிய வேலையில், அந்த இடம் எவ்வளவு தேவைப்படுகிறது என்பது கழுத்துக்குத்தான் தெரியும். சன் வைசர், பின்பார்வைக் கண்ணாடி, விளக்கு, கைப்பிடி என்று ஒவ்வொன்றையும் கழற்றும்போது அதன் ஸ்குருக்களைத் தனித்தனி உறையில் போட்டு எழுதி வைக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் ஸ்குருக்களின் நீளம் மாறுபடும். நீளமான ஒன்றைத் தவறான இடத்தில் முடுக்கினால் அது கூரைத் தகட்டை உள்ளிருந்து முட்டி, வெளியே பெயின்ட்டில் ஒரு பொட்டு எழும்பிவிடும்.

முன், பின் கண்ணாடிகளை எடுக்காமல் இந்த வேலையைச் செய்யக்கூடாது. லைனிங்கின் விளிம்பு கண்ணாடி ரப்பருக்கு அடியில் தகட்டைச் சுற்றி மடிந்து ஒட்டியிருப்பதால், கண்ணாடி இருந்த இடத்திலேயே இருக்க, துணியை மட்டும் வெட்டித் திணிப்பது ஒரு கோடைக்கு மேல் தாங்காது. ஆனால் பழைய ரப்பர் கல்லாக இறுகியிருக்கும் என்பதால், அதைக் காப்பாற்ற நினைத்துக் கண்ணாடியை நெம்புவது ஆபத்து. புது ரப்பர் கையில் வந்து சேர்ந்த பிறகே வேலையைத் தொடங்கினேன். புதுப்பேட்டையில் ஃபியட் சாமான்கள் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் அது பெரிய அலைச்சலாக இல்லை. பழைய ரப்பரின் உட்புற உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டால், உள்ளே ஒருவர் இரண்டு உள்ளங்கைகளாலும் மேல் மூலையை மெதுவாகத் தள்ள, வெளியே ஒருவர் ஏந்திக்கொள்ளலாம். எடுத்த கண்ணாடியை நேராகத் தரையில் நிறுத்தக்கூடாது. டஃபண்ட் எனும் கடினமாக்கிய கண்ணாடியின் விளிம்பில் ஒரு கல் குத்தினால் போதும், மொத்தமும் தூளாகும். பழைய மெத்தை ஒன்றின் மேல் படுக்க வைத்தோம்.

இனி லைனிங். ஓரங்களில் பசை காய்ந்து பொருக்காகியிருக்கும் இடங்களை மழுங்கிய பட்டைக் கத்தியால் நெம்பினால் வந்துவிடும். கதவுகளுக்கு மேல் சில வண்டிகளில் பல் வைத்த தகடு இருக்கும். துணியை அதிலிருந்து பிய்த்து இழுக்காமல், மேல்நோக்கித் தூக்கி விடுவிக்க வேண்டும். ஓரங்கள் விட்ட பிறகு லைனிங், கம்பிகளோடு சேர்ந்து தொங்கும். இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது. ஒவ்வொரு கம்பியின் நீளமும் வளைவும் வேறு. முன்னதும் நடுவில் உள்ளதும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும், மாற்றி மாட்டினால் கூரை ஓரிடத்தில் தாழ்ந்தும் ஓரிடத்தில் விறைத்தும் நிற்கும். முன்னிருந்து பின்னாக எண் எழுதிய காகித டேப்பை ஒவ்வொரு கம்பியிலும் சுற்றி, இட முனை எது, வல முனை எது என்றும், முனை நுழையும் இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தால் எந்தத் துளையில் இருந்தது என்றும் குறித்துக்கொண்டு, படமும் எடுத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். கடைசிக் கம்பியைப் பின்சட்டத்தோடு இழுத்துப் பிடிக்கும் சிறு கொக்கிகளையும் பத்திரப்படுத்த வேண்டும். முன்னே இழுக்கும்போது மொத்த வரிசையும் சரிந்துவிடாமல் காப்பது அவைதான். கம்பியை உருவி எடுத்த பிறகு வளைத்துப் பார்க்கவோ நிமிர்த்தவோ வேண்டாம். துரு இருந்தால் உப்புக்காகிதத்தால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசினால் போதும். பூசாவிட்டால், துருவின் கறை துணி உறை வழியாக இறங்கி, புது ரெக்ஸினில் பழுப்புக் கோடாகத் தெரியும்.

லைனிங்குக்கு மேலே சணலும் தாரும் கலந்த பழைய காப்பு அட்டை இருந்தது. தொட்டவுடன் உதிர்ந்தது. இத்தகைய பழைய காப்புப் பொருளில் என்ன கலந்திருக்கிறது என்று பார்வையால் சொல்ல முடியாது என்பதால், நல்ல முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டினேன். உள்ளே தெரிந்த தகடுதான் இந்த வேலையை இத்தனை நாள் தள்ளிப்போட்டிருக்கக் கூடாது என்று எண்ண வைத்தது. திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் நிற்கும் கார் என்பதால் வெளிப்புறத் துருவை எப்போதும் கவனித்து வந்திருந்தோம். மழைநீர் வழியும் மேல் ஓர வாய்க்காலின் பற்றவைப்பில் நீர் புகாமல் பூசியிருந்த சீலர் காய்ந்து வெடித்து, அந்த வெடிப்பு வழியாக இறங்கிய நீர் உள்சட்டத்தில் தேங்கியிருந்தது. அது வெளியிலிருந்து தெரிய வழியே இல்லை.

தகட்டைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் தோட்டத்துக் குழாயிலிருந்து மெல்லிய நீரை, கீழ் ஓரத்தில் தொடங்கி மெதுவாக மேலே கொண்டுபோக வேண்டும். எடுத்த எடுப்பில் உச்சியில் நீரைக் கொட்டினால் எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் கசிந்து, மூலம் எது என்று தெரியாமல் போய்விடும். கசிந்த ஒவ்வொரு இடத்தையும் உள்ளே சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டோம். பிறகு பழைய சீலரை முழுவதும் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி தடவி, அது நன்றாகக் காய்ந்த மறுநாள் பிரைமரும் புது சீலரும் பூசினோம். ஓட்டை விழுந்திருந்த ஒரு சிறு பகுதியை டிங்கர் வெட்டிப் பற்றவைத்தார். வெல்டிங் தேவைப்படுமா என்பது லைனிங்கைக் கழற்றினால்தான் தெரியும். எனவே ரெக்ஸினைத் தைத்து வைத்துக்கொண்டு கழற்றத் தொடங்குவதில் எந்தப் பயனும் இல்லை.

வெப்பக் காப்பு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் ஏசி இல்லாத காரில் இதைப் போல நேரடியாகப் பலன் தெரியும் வேலை வேறில்லை. நடுப்பகல் வெயிலில் நிற்கும் காரின் கூரைத்தகடு கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகிறது. அலுமினியத் தாள் பதித்த பியூட்டைல் ரப்பர் பட்டைகளைத் தகட்டின் நடுப்பகுதியில் ஒட்டினால் தகட்டின் அதிர்வு அடங்கும். அதற்குத் தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை, மூடினால் கூரையில் வீண் பாரம்தான் ஏறும். அதற்குக் கீழே மெல்லிய, நீர் உறிஞ்சாத ஃபோம் ஒட்டினேன். தடிமன் கூடக் கூட நல்லது என்று எண்ணக்கூடாது. கம்பிகளுக்கும் தகட்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி குறுகியது. ஃபோம் கம்பியைத் தொட்டால், வண்டி ஓடும்போது உரசும் சத்தம் வரும். கம்பியைக் கீழே தள்ளி லைனிங்கின் வடிவத்தையும் கெடுக்கும். மேலும், அலுமினியத்தின் பளபளப்பான முகம் வெப்பக் கதிரைத் தடுப்பது அதன் எதிரே காற்றிடைவெளி இருக்கும்போதுதான். இரண்டு பக்கமும் எதையாவது ஒட்டிவிட்டால் அது வெறும் உலோகத் தாள், வெப்பத்தை நன்றாகக் கடத்தும்.

ரெக்ஸின் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனபோது, முதல் சில கடைகளில் சீட்டுக்கான ரெக்ஸினையே காட்டினார்கள். அது கனமானது, கம்பிகளுக்கு இடையில் தொங்கும், மூலைகளில் மடியாது. பழைய கார்களின் கூரைக்கு வேண்டியது மெல்லிய, ஊசித்துளை போட்ட ரெக்ஸின். அதைத் தேடிப் பிடிப்பதற்குப் பழைய துண்டு ஒன்றைக் கையில் கொண்டுபோவதுதான் வழி. 54 அங்குல அகலத்தில் கிடைப்பதால் குறுக்கே ஒட்டுப்போட வேண்டியதில்லை. வெயில் படாத மடிப்புக்குள் இருந்த துண்டை வைத்து நிறம் பார்த்தபோது, அத்தனை காலமும் பழுப்பு என்று நினைத்திருந்த கூரை உண்மையில் வெளிர் சாம்பலாக இருந்திருக்கிறது.

தைத்துக் கொடுத்தவர் ராயப்பேட்டையில் குஷன் வேலை செய்யும் ஒரு பாய். அளவெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போன என்னிடம், "பேப்பர் எதுக்கு சார்? அந்தக் கிழிஞ்சதையே கொண்டாங்க, அதுதான் அளவு" என்றார். முந்தைய கடைக்காரர்கள் ஒட்டியிருந்த துணியை உரித்தெடுத்த பிறகு, பழைய ரெக்ஸினை வெயிலில் விரித்துப் போட்டு இளகச் செய்து, தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரிப்பதற்கு முன்பே நடுக்கோட்டை நெடுக வரைந்துகொண்டு, ஒவ்வொரு துண்டிலும் முன்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டார். அளவைத் தையல் ஓரத்தில் மட்டுமே எடுத்தார். நடுப்பகுதி தொங்கித் தொங்கி நீண்டிருக்கும், வெளி ஓரம் சுருங்கியிருக்கும், இரண்டையும் நம்பக்கூடாது என்பது அவர் கணக்கு. சுற்றிலும் மூன்று அங்குலம் கூடுதலாக விட்டார்.

கம்பி நுழையும் உறைகளைக் காடாத் துணியில் தைத்தார். நூல் மட்டும் பழையபடி பருத்தியில் வேண்டாம், நைலானே போடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன்; அசல் லைனிங் விட்டுப்போனது ரெக்ஸினில் அல்ல, மக்கிய பருத்தி நூலில்தான். தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்ற எண்ணத்தையும் அவர் மாற்றினார். ரெக்ஸினில் ஊசி போட்ட துளை மூடிக்கொள்வதில்லை. நெருங்கிய தையல் போட்டால், தபால்தலை ஓரம் போல அந்தக் கோட்டிலேயே கிழியும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் தையல் போட்டால் தாங்கும்.

மாட்டும் நாளில், துணியை எடுப்பதற்கு முன்பே உள்விளக்கின் ஒயரை இழுத்து வைத்து, சன் வைசருக்கும் கைப்பிடிக்கும் உரிய துளைகளில் பழைய ஸ்குருக்களைப் பாதி முடுக்கி விட்டோம். லைனிங் மூடிய பிறகு கையால் தடவினாலே அவை தட்டுப்படும். இல்லாவிட்டால் துளையைத் தேடி ரெக்ஸினை ஊசியால் குத்திக்கொண்டிருக்க வேண்டும். கூரையின் முன்சட்டத்திலும் பின்சட்டத்திலும் நடுப்புள்ளியைக் குறித்து, இடையில் ஒரு நூல் கட்டினோம். ரெக்ஸினிலும் அதே நடுவில் சிறு வெட்டு இருந்தது. அதை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டு, கம்பிகளை எண் வரிசையில் உறைகளுக்குள் நுழைத்து, பின்னிருந்து முன்னாக ஒவ்வொன்றாக மாட்டினோம். பின்கோடியில் உள்ள கம்பிக்குக் கொக்கி போட்ட பிறகு முன்னே இழுத்தபோது, கம்பிகள் தாமாகவே நிமிர்ந்து தத்தம் இடத்தில் நின்றன. கம்பி முன்பக்கமோ பின்பக்கமோ சாய்ந்திருந்தால் அந்தத் தையல் கோடு நேராக வராது. பசை வைப்பதற்கு முன் ஒவ்வொரு கோட்டையும் பின்கண்ணாடி வாயில் நின்று பார்த்துவிட வேண்டும்.

உறையின் இரு நுனிகளை வெட்டுவது இந்த வேலையின் மிக நுட்பமான பகுதி. ரெக்ஸினைக் கதவுப்பக்கம் இழுக்கும்போது, உறை சட்டம் வரை நீண்டிருந்தால் அது ரெக்ஸினைக் கம்பியோடு பிடித்து இழுத்து, ஓரத்தில் விசிறி மடிப்பை உண்டாக்கும். மடிப்பு போக உறையின் நுனியை வெட்ட வேண்டும். அதிகம் வெட்டினால் அந்த இடத்தில் ரெக்ஸின் கம்பியை விட்டுத் தொங்கும், அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. கால் அங்குலம் வெட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி கால் அங்குலம் என்றுதான் போக வேண்டும். தையல் நூலை வெட்டிவிடாமல், உறைத் துணியை மட்டும் வெட்ட நுனி கூர்மையான சிறு கத்தரி வேண்டும்.

இழுக்கும் வரிசை முன்நடு, பின்நடு, பிறகு இட நடு, வல நடு. அங்கிருந்து இருபுறமும் எதிரெதிராக மூலைகளை நோக்கிப் போக வேண்டும். முதல் சுற்றில் பசையே இல்லாமல் காகித கிளிப்புகளால் மட்டும் பிடித்து வைத்து, வளைவுகள் எல்லாம் படிந்த பிறகு ஒவ்வொரு கிளிப்பாக எடுத்துப் பசை தடவினோம். சுருக்கம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கே இழுத்தால் அது போகும். மூலையில் வரும் மடிப்பைப் பலமாக இழுத்துத் தீர்க்க முயன்றால் அது வேறொரு மூலைக்கு இடம் மாறுமே தவிர ஒழியாது. இரண்டு பக்கமும் சற்றுத் தளர்த்திவிட்டு மீண்டும் பகிர்ந்து இழுக்க வேண்டும். வெந்நீர்ப் பாத்திரத்து ஆவியும் ஹேர் டிரையரும் உதவும். ஹீட் கன்னை நெருக்கமாகக் காட்டுவது மட்டும் வேண்டாம்: வட்டமான ஊசித்துளைகள் அந்த இடத்தில் மட்டும் நீண்டு முட்டை வடிவமாகி, சுருக்கத்தைவிட அசிங்கமாகத் தெரியும்.

பசை, குஷன் வேலைக்காரர்கள் எல்லோரும் பயன்படுத்தும் ஃபெவிகால் எஸ்ஆர் வகைதான். மர வேலைக்கான வெள்ளை ஃபெவிகால் இதற்கு உதவாது. தகட்டிலும் ரெக்ஸினிலும் மெல்லிய பூச்சாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகுதான் சேர்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கிக்கொண்டு, முதல் வெயிலில் கொப்புளமாக விடும். கடற்காற்று ஈரமாக வீசும் மாலையில், காயும் பசையின் மேல் வெண்மையாக ஒரு படலம் தெரிவதுண்டு. கரைப்பான் ஆவியாகும்போது குளிர்ந்த பூச்சின் மேல் படியும் ஈரம் அது. அதன் மேல் ஒட்டினால் பிடிக்காது. துடைத்துவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் தடவுவதே மேல். கதவுகளும் கண்ணாடி வாய்களும் திறந்திருந்தாலும் உள்ளே பசையின் கரைப்பான் வாடை தலையைச் சுற்றும். ஒரு மேசை மின்விசிறியைக் கதவோரம் வைத்து, அடிக்கடி வெளியே வந்துவிட வேண்டும்.

ஓரங்களில் மீந்திருப்பதை உடனே வெட்டவில்லை. காரைச் சில பகல்கள் வெயிலில் நிறுத்தி, ரெக்ஸின் இளகி மீண்டும் இறுகிய பிறகு, தளர்ந்த இரண்டு இடங்களை மட்டும் பிரித்து இழுத்து ஒட்டிவிட்டு, அதன் பின்பே வெட்டினோம். கண்ணாடி வாய்களில் தகட்டை மடிக்கும் அளவுக்கு மேல் ரெக்ஸின் இருந்தால் ரப்பர் உட்காராது, குறைந்தால் உருவிக்கொள்ளும். அரை அங்குலம் எங்களுக்குச் சரியாக இருந்தது.

கண்ணாடியை மாட்டுவதற்கு, புது ரப்பரைக் கண்ணாடியில் போட்டு, அதன் உள்பள்ளம் முழுவதும் வழுவழுப்பான நைலான் கயிற்றைச் செருகி, இரு முனைகளும் கீழ் நடுவில் ஒன்றையொன்று தாண்டி வரும்படி விட வேண்டும். சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்தித் தட்ட, உள்ளே இருப்பவர் கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டே போனால், ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே விழும். கயிறு ரெக்ஸின் விளிம்பைச் சேர்த்து இழுத்துவிடாமல் இன்னொரு கையால் அதைத் தடவிப் பிடித்திருக்க வேண்டும். பின்கண்ணாடியை முதலில் செய்தோம். சற்றே எளிது, கையும் பழகிக்கொள்கிறது. முன்கண்ணாடியின் மூலைகளில் என் தம்பி வெளியே தட்டிக்கொண்டிருக்க, பாய் உள்ளே இருந்து, "இழுக்காதீங்க சார், அதுவா வரும்" என்று என் கையைப் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு தட்டுப்பட்ட ஒவ்வொரு ஸ்குருவின் மேலும் ரெக்ஸினில் சிறு பெருக்கல் குறியாக வெட்டி, சாமான்களை மாட்டினோம். விளக்கின் துளையை அதன் வளையத்தைவிட நன்றாகச் சிறிதாகவே வெட்ட வேண்டும். கதவு பீடிங்கை ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைத்து, பேட்டரியை இணைத்து, அதே குழாய் நீர்ச் சோதனையை மறுபடி செய்தபோது, முன்கண்ணாடியின் வலக்கீழ் மூலையில் மட்டும் ஒரு சொட்டு வந்தது. ரப்பரின் வெளி உதட்டைத் தூக்கி, இறுகாத வகைக் கண்ணாடி சீலரைச் சற்று ஏற்றியதும் அது நின்றது. மீந்த ரெக்ஸினை மடிக்காமல் உருளையாகச் சுற்றி டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன். துடைப்பதற்குச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். டேஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கான் பாலிஷ் கூரையில் பட்டால் ஊசித்துளைகளில் தூசி அப்பிக்கொள்ளும்.